பனியில் சாகாத மூவிலை

சீட்டுக்கட்டு புழங்கும் வீட்டில் ‘கிளாவர்’ என்ற சொல் தெரியாதவர் இருக்க மாட்டார். கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு, தீபாவளி விடுமுறை, திருவிழாக் காலம் என்று பாய் விரித்து உட்கார்ந்தால் இஸ்பேடும் கிளாவரும் கையில் வந்துவிடும். அந்தக் கறுப்பு மூவிலை ஒரு நிஜமான செடி. ஆட்டுக்கும் மாட்டுக்கும் மானுக்கும் அது தீவனம். பெயர் குளோவர். நாம் கையில் பிடித்து விளையாடும் அந்த இலையை நம்மில் பெரும்பாலோர் மண்ணில் பார்த்ததே இல்லை. காரணம் எளிது. அது குளிர்ப் பிரதேசத்துப் பயிர்.

வானொலியில் நான் நடத்தும் காலை நிகழ்ச்சிக்குப் பண்டமாரானிலிருந்து ஒரு கொள்கலன் லாரி ஓட்டுநர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். துறைமுகத்தில் வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் அவர் கைப்பேசியில் காணொளி பார்ப்பாராம். அமெரிக்காவில் காட்டோரமாக மான்களுக்கென்றே சிலர் குளோவர் பயிரிடுவதையும், அதன்மேல் பனி வெள்ளையாய்ப் படிந்து கிடப்பதையும் பார்த்திருக்கிறார். “அக்கா, இங்க ரெண்டு நாள் தண்ணி ஊத்தலன்னா செடி வாடிப் போகுது. அங்க ஐஸ்ல கிடக்கற இலை எப்படிக்கா சாகாம இருக்கு?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல. அதனால்தான் இந்த வாரம் இந்தப் பக்கத்தில்.

நம் ஊரில் குளிர் என்றால் குளிர்சாதனக் கொள்கலன்தான். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் உறைந்த இறைச்சியும் மீனும் மைனஸ் 18 டிகிரியில் பெட்டிக்குள் இருக்கும். பெட்டிக்கு வெளியே நாம் 32 டிகிரியில் வியர்த்து நிற்போம். கேமரன் மலையில்கூடப் புல் உறையும் குளிர் நமக்குப் பழக்கமில்லை. அங்கே 1978 பிப்ரவரியில் பதிவான 7.8 டிகிரியைத்தான் நம் வானிலைக் குறிப்புகள் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்கின்றன. சபாவின் கினாபாலு உச்சியை விட்டுவிட்டால் உறைபனி நமக்கு அந்நியம். அதனாலேயே அந்தக் கேள்வி எனக்கும் பிடித்துப்போனது.

வெந்தயத்தின் உறவுக்காரி

குளோவர் அவரைக் குடும்பத்துச் செடி. பட்டாணி, நிலக்கடலை, உளுந்து எல்லாமே அதற்குச் சொந்தங்கள். மிக நெருங்கிய உறவு வெந்தயம். வெந்தயக் கீரையின் இலையை உற்றுப் பாருங்கள், அதுவும் மூன்று மூன்றாகத்தான் இருக்கும். வெந்தயமும் குளிர் பருவத்தை விரும்பும் பயிர்தான். இரண்டுக்கும் ஒரே வம்சக் குணம் போலும்.

அவரைக் குடும்பத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அவற்றுக்குள் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருக்கும். செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும். அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்கிக் கொடுக்கும். வாடகைக்குப் பதில் சமையல் செய்து தரும் குடித்தனக்காரர் மாதிரி. அதனால் குளோவர் இலையில் புரதம் அதிகம். இளம் இலையைக் காய வைத்து நிறுத்தால் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் புரதம் இருக்கும். மானும் மாடும் அதைத் தேடிப் போவதில் வியப்பில்லை.

குளோவரில் பல வகை உண்டு. வெள்ளைக் குளோவர் தரையோடு தரையாகப் படர்ந்து பல ஆண்டு வாழும். சிவப்புக் குளோவர் ஆணிவேர் விட்டு உயரமாக வளர்ந்து இரண்டு மூன்று ஆண்டில் ஓய்ந்துவிடும். கருஞ்சிவப்புப் பூப்பூக்கும் கிரிம்சன் குளோவருக்கு ஒரு பருவம்தான் ஆயுள். வட இந்தியாவில் மாட்டுக்காரர்கள் குளிர்காலம் முழுதும் அறுத்துப் போடும் பெர்சீமும் இந்த இனமே. எகிப்திலிருந்து இந்தியாவுக்கு வந்த பெர்சீம் இளங்குளிரை விரும்பும், கடும் உறைபனியைத் தாங்காது. ஒரே குடும்பத்தில் பிறந்தாலும் எல்லோருக்கும் குளிர் ஒத்துக்கொள்வதில்லை.

இலைக்குள் நடக்கும் வேலை

உறைபனியில் செடி சாவது குளிரால் அல்ல, பனிக்கட்டியால். செல்லுக்குள் இருக்கும் நீர் உறைந்தால் அந்தக் கட்டியின் கூர் முனைகள் செல்லைக் கிழித்துவிடும். வெயில் ஏறியதும் இலை வெந்த கீரை மாதிரி தொங்கிவிடும்.

வெள்ளைக் குளோவர் இதைத் தவிர்க்கக் கற்றிருக்கிறது. இலையுதிர் காலத்தில் பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும் அது வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும். சுமார் 8, 10 டிகிரிக்குக் கீழே போனாலே இலை விடுவது மந்தமாகிவிடும். ஆனால் வெயில் இருக்கும்வரை இலை சர்க்கரை செய்துகொண்டேதான் இருக்கும். செலவு குறைந்து வரவு நிற்காததால் சேமிப்பு கூடும். அந்தச் சர்க்கரையும் சில புரதங்களும் செல்லுக்குள் தேங்கும்.

இதனால் என்ன பயன்? வீட்டில் சோதித்துப் பாருங்கள். உறைபெட்டியில் ஒரு கிண்ணம் வெறும் தண்ணீரும், ஒரு கிண்ணம் கெட்டியான சிராப்பும் வையுங்கள். தண்ணீர் முதலில் கட்டியாகும். சிராப் சீக்கிரம் உறையாது. குளோவர் தன் செல்லுக்குள் சிராப் காய்ச்சி வைக்கிறது. செல்லுக்கு வெளியே, இரண்டு செல்லுக்கு நடுவிலுள்ள இடத்தில் இருக்கும் நீர் முதலில் உறையும். உள்ளேயுள்ள நீரில் கொஞ்சம் வெளியே கசிந்து அந்தக் கட்டியோடு சேரும். உள்ளே மிஞ்சுவது இன்னும் கெட்டியான சாறு. வெளியே ஐஸ், உள்ளே உயிர். செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய கொழுப்புச் சவ்வும் குளிரில் விறைக்காதபடி தன்னை மாற்றிக்கொள்கிறது.

ஊட்டிக் கேரட் குளிர்காலத்தில் இனிப்பதற்கும் இதே காரணம்தான். நமக்கு அது ருசி. கேரட்டுக்கு அது கம்பளி.

இந்த ஏற்பாடு ஒரே இரவில் நடப்பதல்ல. சில வாரங்கள் பிடிக்கும். குளிர் படிப்படியாக வந்தால் குளோவர் உறைநிலைக்குப் பல டிகிரி கீழேகூடத் தாக்குப்பிடிக்கும். நேற்றுவரை இதமாக இருந்து இன்று திடீரென்று உறைந்தால் அதே செடி கருகிவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. குளிருக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும், அந்தப் பழக்கத்தைத் தொலைக்கச் சில நாள் வெப்பம் போதும். குளிர்காலத்தின் நடுவே ஒரு வாரம் வெயில் அடித்தால் செடி வசந்தம் வந்துவிட்டது என்று நம்பிச் சேமிப்பைச் செலவழிக்கும். அடுத்த வாரம் பனி திரும்பும். மாட்டிக்கொள்ளும். பருவநிலை தாறுமாறாகும் இக்காலத்தில் மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்களின் கவலை அதுதான்.

இலை போனாலும் வெள்ளைக் குளோவர் போவதில்லை. அதன் தண்டு நம் வல்லாரை மாதிரி தரையில் ஊர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விடும். துளிர் விடும் முனை மண்ணோடு ஒட்டியிருக்கும். மேலே பனிப்பொழிவு கனமாக விழுந்து மூடினால் இன்னும் நல்லது. பஞ்சுமெத்தை போலக் காற்றை அடைத்து வைத்திருப்பதால் பனிப்பொழிவின் அடியில் மண் உறைநிலையை ஒட்டியே நிற்கும், அதற்கு மிகக் கீழே இறங்காது. பனி உருகி மறுபடி கண்ணாடி போல இறுகினால்தான் சிக்கல். செடிக்கு மூச்சு முட்டும்.

சிவப்புக் குளோவரின் ஆபத்து வேறு. மண்ணிலுள்ள நீர் இரவில் உறைந்து உப்பும், பகலில் உருகி அமுங்கும். இது திரும்பத் திரும்ப நடக்கும்போது ஆணிவேரைப் பல்லைப் பிடுங்குவது போல மண்ணே மேலே தள்ளிவிடும். வேர் வெளியே தெரிந்தால் செடி காய்ந்துவிடும்.

மரவள்ளியோடு ஓர் ஒற்றுமை

ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கு தின்று உயிர் பிழைத்த கதை நம் பல வீடுகளில் உண்டு. சரியாக வேக வைக்காவிட்டால் அதில் சயனைடு நஞ்சு இருக்கும் என்று பாட்டிகள் எச்சரிப்பார்கள். மரவள்ளியில் அந்த நஞ்சைத் தரும் லினமாரின் என்ற பொருள் வெள்ளைக் குளோவரிலும் உண்டு. நத்தையும் பூச்சியும் இலையைக் கடித்தால் செல் உடைந்து, இரண்டு பொருள்கள் கலந்து கொஞ்சம் சயனைடு வெளிவரும். கடித்தது விலகிப் போகும்.

ஆனால் எல்லாக் குளோவர் செடியிலும் இது இல்லை. 1954-இல் டாடே என்ற ஆய்வாளர் ஐரோப்பா முழுதும் ஒப்பிட்டுப் பார்த்தார். குளிர்காலம் இதமாக இருக்கும் இடங்களில் நஞ்சுள்ள செடிகள் அதிகம். ஜனவரி கடுமையாகும் இடங்களில் நஞ்சில்லாதவை அதிகம். பனியில் செல் உடைந்தால் செடி தன் நஞ்சில் தானே பாதிக்கப்படும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. 2022-இல் 26 நாடுகளில் 160 நகரங்களின் குளோவரைச் சேகரித்து ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு, நகரத்துக்கும் கிராமப்புறத்துக்கும் இடையேகூட இந்த நஞ்சின் அளவு மாறுகிறது என்று கண்டது. கால்மிதிபடும் ஒரு புல்வெளிச் செடி தான் இருக்கும் இடத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டே இருக்கிறது.

மானுக்கு ஒரு வயல்

அமெரிக்காவில் இந்த மான் வயல்களை வைப்பவர்களில் பெரும்பாலோர் வேட்டைக்காரர்களும் காட்டோர நிலம் வைத்திருப்பவர்களும்தான். வெள்ளைவால் மான் தங்கள் நிலத்துக்கு வர வேண்டும், நன்கு கொழுக்க வேண்டும், குட்டி நன்றாகப் பிறக்க வேண்டும் என்பது நோக்கம். வெள்ளைக் குளோவர் அங்கே முதல் தேர்வு. ஒருமுறை ஊன்றிவிட்டால் சில ஆண்டு தொடர்ந்து வரும்.

அவர்களின் கணக்கு பனியை வைத்தே ஓடுகிறது. கோடை முடிவில் விதைத்தால் முதல் கடும் பனிக்குக் குறைந்தது ஆறு வாரம் இருக்க வேண்டும். அதற்குள் வேர் பிடிக்காத நாற்று குளிரில் போய்விடும். குளோவரோடு ஓட்ஸ் அல்லது ரை தானியத்தைக் கலந்து விதைப்பார்கள். ஓட்ஸ் சீக்கிரம் முளைத்து நாற்றுக்கு நிழல் கொடுத்துவிட்டுக் கடுங்குளிரில் செத்துவிடும். ரை தாங்கி நின்று, குளோவர் தூங்கும் மாதங்களில் மானுக்குப் பச்சை காட்டும். குளோவர் வசந்தத்தில் எழும்.

எனக்கு மிகவும் பிடித்தது பனி விதைப்பு. பிப்ரவரி, மார்ச்சில் நிலம் இன்னும் இறுகிக் கிடக்கும்போதே குளோவர் விதையை மேலே தூவிவிடுவார்கள். உழுவதில்லை, கொத்துவதில்லை. விதை மிகச் சிறியது, ஒரு கிலோவில் ஏறத்தாழ 15 லட்சம் விதை இருக்கும். இரவில் மண் உறைந்து வெடிக்கும், பகலில் உருகி மூடும். அந்த வெடிப்பில் விதை தானே இறங்கிவிடும். சிவப்புக் குளோவரை வேரோடு பிடுங்கிப் போடும் அதே உறைதலும் உருகலும் இங்கே விதைப்புக் கூலியாளாகிவிடுகிறது.

ஆனால் மானின் வயிற்றுக்கும் ஒரு பருவக் கணக்கு உண்டு. குளிர்காலத்தில் மான் இயல்பாகவே குறைவாகத் தின்னும், மரக் குச்சியும் மொட்டும் கடிக்கும். அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களும் அதற்கேற்ப மாறிவிடும். இரக்கப்பட்டு நடுக்குளிரில் திடீரென்று மக்காச்சோளத்தைக் கொட்டினால் வயிற்றில் அமிலம் பெருகி மான் சாகக்கூடும் என்று அந்நாட்டு வனவிலங்குத் துறைகள் எச்சரிக்கின்றன. ஒரே இடத்தில் மான்கள் கூடினால் நோயும் பரவும். செடிக்கானாலும் மானுக்கானாலும் திடீர் மாற்றம் ஆகாது. மாடு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. உறைபனி படிந்த குளோவரை உடனே மேய விட்டால் வயிறு உப்பும் ஆபத்து கூடும் என்பதால் பனி உருகிய பிறகே அவிழ்த்து விடச் சொல்வார்கள்.

ஊட்டியில் வெள்ளைக் காலை

குளோவரையும் உறைபனியையும் ஒன்றாகப் பார்க்க நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. தமிழ் பேசும் மண்ணிலேயே அது நடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் நவம்பர் வாக்கில் நீர்ப்பனி தொடங்கும். டிசம்பர், ஜனவரியில் அது உறைபனியாகும். தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் விடியலில் உப்புத் தூவியது போல வெளுத்துக் கிடக்கும். 1848-இல் உருவாக்கத் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளைப் பனி படாமல் மூடி வைப்பார்கள்.

அம்மாவோடு ஒரு ஜனவரியில் அங்கே போயிருந்தேன். தலைகுந்தாவில் புல்லுக்கு நடுவே மூவிலையைப் பார்த்ததும் அம்மா குனிந்தார். “இது நம்ம வீட்டுச் சாக்கடை ஓரம் முளைக்கிற புளியாரைதானே?” என்றார். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலத்தான். புளியாரை இலை இதய வடிவில் நடுவே மடிந்திருக்கும், கடித்தால் புளிக்கும். குளோவர் இலை முட்டை வடிவம், நடுவில் வெளிறிய பிறை போல ஒரு கோடு இருக்கும். ஆங்கிலேயர் காலத்தில் மலைக்கு வந்து, இன்று நீலகிரிப் புல்லில் தன் வீடு போலக் குடியேறிவிட்ட வெள்ளைக் குளோவர் அது. இலை விளிம்பில் படிகம் படிகமாக ஐஸ். வெயில் வந்த ஒரு மணி நேரத்தில் நீர்த்துளியானது. இலை பச்சையாகவே இருந்தது.

பக்கத்தில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரோடு பேசினோம். அவருக்கு அந்த வெள்ளைக் காலை அழகாகத் தெரியவில்லை. “நீங்க படம் எடுக்கறீங்க. எங்களுக்கு நாலு நாள்ல கொழுந்து கருகிடும்மா. அப்புறம் பறிக்க என்ன இருக்கு?” என்றார். தேயிலைக்குக் குளோவரின் வித்தை முழுதாகக் கைவராது. பள்ளத்தில் உள்ள செடிகளின் மேல் காய்ந்த செடிகளைப் பரப்பி மூடுகிறார்கள், தண்ணீர் தெளிக்கிறார்கள். கொழுந்து போனால் தோட்டக்காரருக்கு வரவு போகும், பறிப்பவருக்குக் கூலி நாள் போகும். இலங்கையில் நுவரெலியா மலைத்தோட்டங்களிலும் ஜனவரி, பிப்ரவரியில் இதே கதைதான். அங்கே பக்கத்திலுள்ள ஹோர்ட்டன் சமவெளியில், 1988-இல் தேசியப் பூங்காவான அந்தப் புல்வெளியில், உறைபனி படிந்த காலையிலும் மரைகள் கூட்டமாக மேயும். நாம் கடமான் என்பதை இலங்கைத் தமிழர் மரை என்பார்கள்.

பள்ளத்தில் ஏன் பனி அதிகம்? மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். அதை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீர் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆளுயரத்தில் வைத்த வெப்பமானி 3, 4 டிகிரி காட்டும்போதே புல் உறைந்திருப்பது அதனால்தான். மரத்தடியில் நிலைமை வேறு. கிளைகள் கூரை போல நின்று சூட்டைத் தடுத்துத் திருப்பி அனுப்பும். அங்கே பனி படியாது.

பனி காவல் காக்கும் புல்வெளி

இந்தக் கடைசிச் செய்தியில்தான் நீலகிரியின் உயிர் இருக்கிறது. அந்த மலைமுகட்டில் பள்ளங்களில் அடர்ந்த காடும், சரிவுகளில் திறந்த புல்வெளியும் மாறி மாறி இருக்கும். அந்தக் காட்டுக்கு நம் தமிழ்ச் சொல்லான ‘சோலை’யையே உலக அறிவியலும் வைத்திருக்கிறது. புல்வெளியில் கடமானும் வரையாடும் மேயும், தோடர்களின் எருமைகள் மேயும். மழைநீரைப் பஞ்சு போல உறிஞ்சி ஆறுகளுக்கு விடுவதும் இந்தச் சோலையும் புல்லும்தான்.

மழை நிறையப் பெய்யும் இடத்தில் புல்வெளியை ஏன் காடு விழுங்கவில்லை என்பது நீண்டநாள் புதிர். பெங்களூருவில் இயங்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு தெளிவான விடை தந்தது. இரவில் புல்வெளி, சோலையின் உட்புறத்தைவிட மிகவும் குளிர்ந்து உறைகிறது. சோலை மரத்தின் கன்று புல்வெளியில் முளைத்தால் பனி அதைக் கொன்றுவிடுகிறது. காடு தன் எல்லையைத் தாண்ட முடியாமல் பனிதான் காவல் நிற்கிறது.

அந்தக் காவலை மீறியது யார் தெரியுமா? குளோவரின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று. ஊர்க்காரர்கள் சீகை என்று சொல்லும், ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வாட்டில் மரம். தோல் பதனிடும் பட்டைக்கும் விறகுக்கும் நட்டது. அதன் கன்றுக்குப் பனி பெரிதாகப் படவில்லை. காற்றிலிருந்து நைட்ரஜன் எடுப்பதால் ஏழை மண்ணும் அதற்குத் தடை இல்லை. வெப்பம் கூடினால் அதற்கு இன்னும் கொண்டாட்டம் என்று அதே ஆய்வு சொல்கிறது. பழனி மலையில் 40 ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களாலும் விவசாயத்தாலும் மறைந்துவிட்டது என்று 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. உறைபனி குறைந்தால் தேயிலைக்காரருக்கு ஒரு கவலை குறையும். ஆனால் அதே பனியை நம்பி நிற்கும் புல்லுக்கும் அதில் மேயும் கடமானுக்கும் காவல் போய்விடும். இரண்டும் உண்மை. எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று முடிவு செய்வது எளிதல்ல.

நம் தோட்டத்துக் கொடி

அம்மா தோட்டத்தில் வளர்ந்தவர். இளம் பால்மரக் கன்றுகளுக்கு நடுவே தரையை மூடிப் படரும் கொடியும், அதில் கால் சிக்கி விழுந்த கதையும் அவரிடம் நிறைய உண்டு. குளோவர் செய்யும் வேலையை நம் நாட்டில் செய்தவை அந்தக் கொடிகள்தான். புவெரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசிமா என்று பெயர். எல்லாம் அவரைக் குடும்பம். களையை அமுக்கும், மழையில் மண் கரையாமல் பிடிக்கும். முதல் ஐந்து ஆண்டுகளில் ஹெக்டருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 150 கிலோ நைட்ரஜன் வரை இவை சேர்ப்பதாக 1970-களில் நம் ரப்பர் தோட்டங்களைப் பற்றிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. உர மூட்டையின் விலை தெரிந்தவருக்கு அந்தக் கணக்கின் அருமை புரியும்.

இன்று செம்பனைத் தோட்டங்களில் அதிகம் தெரிவது முக்குனா பிராக்டியேட்டா. இதன் கதை நமக்குச் சொந்தமானது போலவே இருக்கும். வடகிழக்கு இந்தியாவின் காட்டுக்கொடி. கேரளத்து ரப்பர் தோட்டங்களுக்குப் போனது. அங்கிருந்து 1991-இல் கோல்டன் ஹோப் தோட்ட நிறுவனம் அதை மலேசியாவுக்குக் கொண்டுவந்தது. வறட்சி தாங்கும், நிழல் தாங்கும், மாடு அதிகம் தொடாது. மழைக்காலத்தில் வளரும் வேகத்தில் கன்றின் மேலேயே ஏறிச் சுற்றிவிடும் என்பதால் தவறாமல் வெட்டிவிட வேண்டும்.

ஆனால் இந்தப் பலசாலிக்கு இங்கே ஒரு குறை. நம் சமவெளியில் அது பூத்துக் காய்ப்பதில்லை. பூப்பதற்கு அதற்கு மலைக்குளிர் வேண்டும். கேரித் தீவிலோ காப்பாரிலோ அது கிடைக்காது. அதனால் விதையை இந்தியாவிலிருந்து வரவழைக்கிறார்கள், இல்லாவிட்டால் தண்டை வெட்டிப் பதியன் போடுகிறார்கள். குளோவர் குளிரைத் தாங்கிக்கொள்கிறது. முக்குனாவோ குளிர் இல்லாமல் ஏங்குகிறது. வெயிலில் எவ்வளவு செழித்தாலும், அடுத்த தலைமுறைக்கு அதற்கு ஒரு சிலிர்ப்பு தேவைப்படுகிறது.

ஆண்டிறுதியில் பிள்ளைகளோடு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயில் ஏறுவதற்கு முன் ஏதாவது ஒரு பள்ளத்துப் புல்வெளிக்குப் போங்கள், எட்டு மணிக்குப் போனால் வெறும் ஈரம்தான் இருக்கும். வெள்ளையாய் உறைந்திருக்கும் புல்மேல் ஓடவும் உருளவும் பிள்ளைகளை விடாதீர்கள். உறைந்த இலையை மிதித்தால் உள்ளேயுள்ள செல் நொறுங்கிவிடும், சில நாளில் உங்கள் காலடித் தடம் பழுப்பாகத் தெரியும். ஓரமாக உட்கார்ந்து மூவிலையைத் தேடச் சொல்லுங்கள். நடுவில் வெளிறிய கோடு இருந்தால் அது குளோவர். அது உருகும்வரை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், இலை கருகுகிறதா, நிமிர்கிறதா என்று பிள்ளைகளே உங்களுக்குச் சொல்வார்கள்.